எட்டு முதுகுகள்

விடிகாலை நாலு நாற்பதுக்கு
ஹமீதா அனுப்பியிருந்தாள்:
டீச்சர் போயிட்டாங்க.
கீழே யாரோ கட்டைவிரலை உயர்த்திவிட்டு
அவசரமாக அழித்திருந்தார்கள்.

அமலோற்பவம் டீச்சர்.
கடலூர் ஓ.டி.யில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு,
நாலரை மணிக்கு மேல் கோ-கோ.
பதினேழு வருஷம் அணி நடத்தி
ஒரே ஒரு மாவட்ட இறுதி.
அதிலும் தோற்றோம்.

விசில் ஊத வராது. இழுப்பு.
டிபன் பாக்ஸ் மூடியில் சாவியால் தட்டுவார்.
இன்றைக்கும் பஸ்ஸில் எவளாவது மூடி தட்டினால்
என் குதிகால் தரையை விட்டு எழுகிறது.

புடவையை ஊக்கு குத்தித் தூக்கிக்கொண்டு
சுண்ணாம்புப் பொடியில் கோடு இழுப்பார்.
மிச்சப் பொடியில், மண்ணிலேயே, சமன்பாடு.
"எக்ஸ் எங்க ஒளிஞ்சிருக்கான் பாரு, தொரத்து."
உப்பனாற்றுக் காற்று
விடையைத்தான் முதலில் கொண்டுபோகும்.

மாலைமதியின் அப்பா
"பொட்டப்புள்ள பேன்ட் மாட்டிக்கிட்டு நெய்வேலி போறதா" என்றார்,
துறைமுகத்தில், ஏலத்துக்கு நடுவில்.
டீச்சர் கூடையைப் பார்த்தார்.
கேட்கத் தொடங்கினார்.
நூறு. நூத்திப்பத்து.
நூத்தறுபதுக்கு ஒரு கூடை சங்கரா
கணக்கு டீச்சர் பேரில் விழுந்தது.
"மீனு எனக்கு.
பொண்ணும் மூணு நாளைக்கு எனக்கு."
கூட்டம் சிரித்த சிரிப்பில்
அந்த மனுஷனும் சிரிக்க வேண்டியதாயிற்று.
பதினோரு கிலோவை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிவந்து
எங்கள் ஒன்பது வீட்டுக்கும் பங்கு வைத்தார்.
அவருக்கு மீன் ஆகாது.
உடம்பெல்லாம் தடிக்கும்.

உட்காருவதுதான் கோ-கோவில் பாதி ஆட்டம்.
நெய்வேலியில் என்னை அவர் உட்கார வைத்தது
தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்.
காலாண்டில் முப்பத்தொன்று வாங்கியிருந்தேன்.
இருபத்தாறு வருஷம் அதை மென்றேன்.
கல்யாணப் பத்திரிகைகூட வைக்கவில்லை.

போன ஆடியில், ஆஸ்பத்திரியில்,
மூக்கில் குழாயோடு இருந்தவரிடம்
கேட்டேவிட்டேன்.
"நெய்வேலியா?
நீதான ஆடுன.
கம்பத்தத் தொட்டு ஒரு திரும்பு திரும்புனியே,
எம்மாடி."

அது தவமணி.
நான் திருத்தவில்லை.
அவர் திருத்தாமல் விட்ட தப்பு
என் நோட்டில் ஒன்றுகூட இருந்ததில்லை.

வாசலில் சாமியானா. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
யாரும் சொல்லவில்லை.
ஹமீதா தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்,
மாலைமதி பெட்டியைப் பார்த்து,
அடுத்தவள் தெருவை,
அதற்கடுத்தவள் பெட்டியை.
நாற்பதைத் தாண்டிய முழங்கால்கள்.
தைலம் மணத்தது.
தவமணி மஸ்கட்டிலிருந்து வீடியோவில்;
டீச்சர் முகம் தெரியட்டும் என்று
போனை ஏழாவது நாற்காலியில்
பெட்டிப் பக்கமாகச் சாய்த்து வைத்தார் உறவுக்காரர் ஒருவர்.
போன் கத்தியது:
"அடியே, என்னத் திருப்பி வைங்கடி.
நான் ஏழாவது."

திருப்பினோம்.
பிறகு அவளுக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு தண்ணீர் லாரியும்
சாவு வீட்டுக்கு வழி கேட்டு நின்ற ஆட்டோவும்.

"கடைசியா பாக்கறவங்க பாத்துக்கலாம்."
எட்டில் எவளும் எழவில்லை.
பாதிரியார் புத்தகத்தைத் திறந்து, மூடி,
மறுபடி திறந்தார்.
அவருக்கு எப்படிச் சொல்வது,
முதுகில் கை படாமல்
எழுந்தால் தப்பாட்டம் என்று.

அப்போது என் தோளுக்குக் கீழே
அஞ்சு விரலும் பதிந்தது.
ஹமீதாவின் காய்ந்த குரல்,
பாதிக்கு மேல் வராமல்:
கோ.

எழுந்தேன்.
பெட்டியருகே போன பிறகுதான் கவனித்தேன்,
கை வெறுங்கை.
மாலை நாற்காலியிலேயே கிடந்தது,
நாலே எட்டில்.
ஒரு பக்கம் கால் வைத்தவள்
திரும்பக் கூடாது.